மேசைக் கணினிக்கு வைஃபை அட்டை: வாங்குவதற்கு முன் பெட்டியைத் திறந்து பாருங்கள்

“சார், வீட்டுக்குப் பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கினோம். நன்றாக ஓடுகிறது. ஆனால் வைஃபை வரவில்லை. எந்த அட்டை வாங்கலாம்?” படிவம் நான்கு, ஐந்து மாணவர்களிடமிருந்து இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. அலுவலகங்கள் கழித்துவிடும் மேசைக் கணினிகள் மலிவாகக் கிடைக்கின்றன. டெலிமாவில் பாடம் பார்க்கவும் இடுபணி செய்யவும் அவை தாராளமாகப் போதும். அலுவலகத்தில் அவை கம்பி வழியே இணையத்தோடு இணைந்திருந்தவை. அதனால் பலவற்றில் வைஃபை வசதியே இருக்காது.

கடைக்குப் போனால் பத்து வகை அட்டைகள் இருக்கும். பெட்டிகளின் மேல் 1200, 3000, 5400 என்று எண்கள். பெரிய எண்தான் நல்லது என்று எண்ணி அப்பாவின் பணத்தைச் செலவழித்துவிட்டு, வீட்டில் அட்டை செருகுவாயிலேயே நுழையாமல் விழித்த மாணவர்களை எனக்குத் தெரியும். சிலர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் மாமாவிடம் சொல்லி சிம் லிம் ஸ்குவேரிலிருந்து வாங்கிவரச் செய்கிறார்கள். பொருந்தாவிட்டால் அதை மாற்ற மாமா மறுபடி காஸ்வே நெரிசலில் நிற்க வேண்டும். ஆகவே முதல் வேலை கடையில் அல்ல, உங்கள் வீட்டில்தான்.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி. ரவுட்டர் உங்கள் மேசைக்குப் பக்கத்திலேயே இருக்கிறதா? அப்படியானால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு ஒரு நெட்வொர்க் கம்பி வாங்குங்கள். ‘கேட் 5இ’ வகைக் கம்பி 100 மீட்டர் வரை நொடிக்கு 1000 மெகாபிட்டைத் தாங்கும். விலையும் குறைவு, வேகமும் ஏறி இறங்காது. ஆனால் நம் தாமான் வீடுகளில் ஃபைபர் இணைப்பு பெரும்பாலும் முன்வாசல் வழியாக வருகிறது. ரவுட்டர் ஹாலில் உட்கார்ந்துவிடும். படிக்கும் அறையோ மாடியில் பின்பக்கம் இருக்கும். இடையில் செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும். சுவரைத் துளைத்துக் கம்பி இழுக்க வாடகை வீட்டில் அனுமதி கிடைக்காது. அங்கேதான் வைஃபை அட்டை தேவைப்படுகிறது.

உங்கள் கணினியில் எந்த வாய் இருக்கிறது?

கணினியை நிறுத்துங்கள். மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். பக்கத் தகட்டைக் கழற்றினால் உள்ளே பெரிய பலகை ஒன்று தெரியும். அதுதான் தாய்ப்பலகை; கடைக்காரர் மதர்போர்டு என்பார். அதில் அட்டை செருகுவதற்கான இடங்களைப் பாருங்கள்.

ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள சிறிய வாய், பிசிஐ எக்ஸ்பிரஸ் எக்ஸ் 1. பெரும்பாலான உள் வைஃபை அட்டைகள் இதற்காகச் செய்யப்பட்டவை. இதே அட்டையை நீளமான எக்ஸ் 4, எக்ஸ் 16 வாய்களிலும் செருகலாம், வேலை செய்யும். ஆனால் பெரிய கிராபிக்ஸ் அட்டை இருந்தால், அதன் விசிறி சிறிய வாயை மறைத்துக்கொண்டிருக்கலாம். மிகப் பழைய கணினிகளில் நீண்ட, பெரும்பாலும் வெள்ளை நிறமான பிசிஐ வாய் இருக்கும். பெயர் ஒன்றுபோல் இருந்தாலும் அது வேறு சாதி. இன்றைய அட்டை அதில் நுழையாது.

அடுத்து உயரம். அலுவலகத்திலிருந்து வரும் ஒல்லியான கணினிகளில் முழு உயர அட்டை நிற்காது. அட்டையோடு இணைந்த உலோகத் தகடு சாதாரணமாக 12 சென்டிமீட்டர் உயரம். ஒல்லிக் கணினிக்கு ஏறக்குறைய 8 சென்டிமீட்டர் தகடு வேண்டும். நல்ல தயாரிப்பாளர்கள் இரண்டு தகடுகளையும் பெட்டியிலேயே வைத்திருப்பார்கள். வைத்திருக்கிறார்களா என்று கேட்டு வாங்குங்கள். பழைய கணினி வாங்கியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம், என் பார்வையில், இதுதான்.

சில தாய்ப்பலகைகளில் எம்.2 என்னும் சின்ன வாயும் இருக்கும். இங்கே கவனம் தேவை. எஸ்எஸ்டி சேமிப்பகம் செருகும் எம்.2 வாயும் வைஃபை செருகும் எம்.2 வாயும் ஒன்றல்ல. பற்களுக்கு இடையிலான பள்ளம் வேறு இடத்தில் இருக்கும். சேமிப்பகத்துக்கு ‘எம்’ பள்ளம், வைஃபைக்கு ‘இ’ பள்ளம். வைஃபைத் துண்டு 22 மில்லிமீட்டர் அகலம், 30 மில்லிமீட்டர் நீளம். அதனால் 2230 என்று அச்சிட்டிருப்பார்கள். அழுத்தி நுழைக்க முயலாதீர்கள்.

எம்.2 துண்டு வாங்குபவர்களுக்கு இன்னொரு பொறியும் உண்டு. இன்டெல் நிறுவனத்தின் ஏஎக்ஸ் 200, ஏஎக்ஸ் 201 இரண்டும் பார்ப்பதற்கு இரட்டைப் பிள்ளைகள். ஏஎக்ஸ் 210, ஏஎக்ஸ் 211 ஜோடியும் அப்படியே. 200-உம் 210-உம் முழுமையான வைஃபை கருவிகள். 201-உம் 211-உம் பாதிக் கருவிகள். ரேடியோ பகுதி மட்டும் அவற்றில் இருக்கும். தரவைக் கையாளும் மீதிப் பகுதி, குறிப்பிட்ட சில இன்டெல் கணினிகளின் உள்ளேயே பதிக்கப்பட்டிருக்கும். அந்தப் பகுதி இல்லாத கணினியில் 201-ஐச் செருகினால், அடுப்பில்லாமல் சட்டி மட்டும் வாங்கிய கதைதான். இணையக் கடைகளில் 201 சற்று மலிவாகத் தெரிவதைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஏஎம்டி செயலி உள்ள கணினியில் அது வேலை செய்யாது. புதிய வைஃபை 7 துண்டான இன்டெல் பிஇ 200-உம் ஏஎம்டி கணினிகள் பலவற்றில் இயங்குவதில்லை.

3000 என்றால் 3000 அல்ல

இப்போது பெட்டியின் மேலுள்ள எண்ணுக்கு வருவோம். ‘ஏஎக்ஸ் 3000’ என்று போட்டிருக்கிறது. நொடிக்கு 3000 மெகாபிட் வருமா? வராது. அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று பாருங்கள். அந்த அட்டை 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அதிகபட்சம் 2402 மெகாபிட் எட்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் 574. இரண்டையும் கூட்டினால் 2976. அதை மேலே உருட்டி 3000 ஆக்கிவிட்டார்கள்! அட்டையோ ஒரு நேரத்தில் ஏதாவது ஓர் அலைவரிசையில்தான் இணைகிறது. இரண்டு அலைவரிசைகளையும் சேர்த்துப் பயன்படுத்தும் வசதி வைஃபை 7-இல்தான் வந்தது. ‘ஏசி 1200’ அட்டையும் இதே கணக்குத்தான்: 867 கூட்டல் 300.

அந்த 2402-உம் ஆய்வுக்கூட உச்சம். அதற்கு 160 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள பாதை வேண்டும். பல ரவுட்டர்கள் 80 மெகாஹெர்ட்ஸ் பாதையில்தான் ஓடுகின்றன. அகலம் பாதியானால் வேகமும் பாதி: 1201. இதிலும் ஒரு பங்கு, கருவிகள் ஒன்றோடொன்று முறைவைத்துப் பேசிக்கொள்வதற்கே போய்விடும். கையில் கிடைப்பது ஏறக்குறைய பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை.

இப்போது உங்கள் வீட்டு இணையத் திட்டத்தைப் பாருங்கள். 100 மெகாபிட் திட்டம் என்று வைத்துக்கொள்வோம். 8 பிட் ஒரு பைட். ஆகவே நொடிக்கு 12.5 மெகாபைட். 1000 மெகாபைட் கோப்பு ஒன்றை இறக்க 80 நொடிகள். நீங்கள் 867 மெகாபிட் அட்டை போட்டாலும் 5764 மெகாபிட் வைஃபை 7 அட்டை போட்டாலும் இந்த 80 நொடி குறையாது. வீட்டுக்கு வரும் குழாய் சிறியதாக இருக்கும்போது, உள்ளே பெரிய குழாய் போட்டு என்ன பயன்? வீட்டுக்குள்ளேயே இரண்டு கணினிகளுக்கிடையே பெரிய கோப்புகளை மாற்றுபவருக்கு வேண்டுமானால் பயன்படலாம். 100 மெகாபிட் வீட்டில் வைஃபை 7 அட்டைக்குக் கூடுதல் வெள்ளி கொடுப்பதை நான் வீண் செலவு என்றே சொல்வேன்.

அதற்காக ஆகப் பழையதையும் வாங்க வேண்டாம். ஏசி என்றால் வைஃபை 5, ஏஎக்ஸ் என்றால் வைஃபை 6, பிஇ என்றால் வைஃபை 7. இந்த எளிய எண் பெயர்கள் 2018-இல் அறிவிக்கப்பட்டவை. வைஃபை 6-இன் உண்மையான நன்மை உச்ச வேகத்தில் இல்லை. ஒரு பாதையைச் சிறு சிறு கூறுகளாகப் பிரித்து, பல கருவிகளுக்கு ஒரே நேரத்தில் பரிமாறும் முறை அதில் வந்தது. அக்கா தொலைக்காட்சித் தொடர், தம்பி விளையாட்டு, அம்மா காணொளி அழைப்பு என்று வீடே இணையத்தில் இருக்கும் இரவு நேரத்தில் அது தெரியும். ஆனால் ரவுட்டரும் வைஃபை 6 ஆக இருக்க வேண்டும். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளைப் புரட்டிப் பாருங்கள்.

சுவருக்கு அந்தப் பக்கம்

படிவம் நான்கு இயற்பியலில் அலைகள் பாடம் நினைவிருக்கிறதா? அலைநீளம் = வேகம் ÷ அதிர்வெண். ஒளியின் வேகம் நொடிக்கு 30 கோடி மீட்டர். 2.4 கிகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 240 கோடி அதிர்வு. வகுத்துப் பாருங்கள்: அலைநீளம் 12.5 சென்டிமீட்டர். 5 கிகாஹெர்ட்ஸுக்கு 6 சென்டிமீட்டர். 6 கிகாஹெர்ட்ஸுக்கு 5 சென்டிமீட்டர். அதிர்வெண் ஏற ஏற, செங்கல்லும் கான்கிரீட்டும் அலையை அதிகமாக விழுங்குகின்றன. அதனால்தான் 2.4 மெதுவாக இருந்தாலும் மாடி வரை வருகிறது. 5 வேகமாக இருந்தாலும் இரண்டு சுவர் தாண்டியதும் தளர்ந்துவிடுகிறது.

அப்படியானால் 2.4-ஐயே வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். அங்கே கூட்டம் அதிகம். அந்த அலைவரிசையின் மொத்த அகலம் 83.5 மெகாஹெர்ட்ஸ்தான். ஒன்றோடொன்று மோதாத பாதைகள் மூன்றே மூன்று. அடுக்குமாடிக் குடியிருப்பில் மேல் வீடு, கீழ் வீடு, பக்கத்து வீடு எல்லாருடைய ரவுட்டரும் அந்த மூன்றுக்குள் அடித்துக்கொள்கின்றன. புளூடூத் கருவிகளும் சமையலறை மைக்ரோவேவ் அடுப்பும் அதே பகுதியில்தான் இயங்குகின்றன.

6 கிகாஹெர்ட்ஸ் புதிய சாலை. மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் 2022-இல் 5925 முதல் 6425 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியை வைஃபைக்குத் திறந்துவிட்டது. மொத்தம் 500 மெகாஹெர்ட்ஸ். அமெரிக்கா 2020-இல் 1200 மெகாஹெர்ட்ஸ் திறந்தது. இந்த வேறுபாடு விளம்பரங்களைப் படிக்கும்போது முக்கியம். வைஃபை 7 பெருமையாகச் சொல்லும் 320 மெகாஹெர்ட்ஸ் அகலப் பாதை அமெரிக்காவில் மூன்று கிடைக்கும். நமக்கு ஒன்றுதான். மேலும் 6 கிகாஹெர்ட்ஸில் இணைய விண்டோஸ் 11 வேண்டும். விண்டோஸ் 10 போதாது. 6இ அட்டை வாங்கிவிட்டுப் பழைய விண்டோஸில் அந்த அலைவரிசையைத் தேடிக்கொண்டிருந்தால் கிடைக்காது.

பொள்ளாச்சிக்காரரின் சமன்பாடு

நல்ல அட்டைகளில் இரண்டு ஆன்டெனாக்கள் இருக்கும். ஒன்று பழுதானால் மற்றொன்று என்பதற்காகவா? இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே அலைவரிசையில், வெவ்வேறு தரவுகளைச் சுமக்கின்றன. இது எப்படி முடியும்?

ரவுட்டர் தன் இரண்டு ஆன்டெனாக்களிலிருந்து அ, ஆ என்ற இரண்டு எண்களை அனுப்புகிறது என்று கொள்வோம். அவை சுவரிலும் அலமாரியிலும் பட்டுத் தெறித்து, கலந்து வருகின்றன. உங்கள் அட்டையின் முதல் ஆன்டெனாவுக்கு 3அ + ஆ = 11 என்று கிடைக்கிறது. இரண்டாவதற்கு அ + 2ஆ = 7. தீர்த்துப் பாருங்கள். அ = 3, ஆ = 2. படிவம் ஒன்றில் நீங்கள் செய்த பெர்சாமாஆன் லினியர் செரெந்தாக் தானே இது! அட்டையில் உள்ள சில்லு இதைப் போன்ற கணக்கை நொடிக்கு எண்ணிலடங்காத முறை போடுகிறது. 3, 1, 1, 2 என்ற பெருக்கு எண்கள் அறையின் அமைப்பைப் பொறுத்தவை. அவற்றை அறிந்துகொள்ள, ரவுட்டர் முதலில் இருவருக்கும் தெரிந்த மாதிரிக் குறிப்பொன்றை அனுப்பிவைக்கும்.

சமன்பாடுகள் இரண்டும் ஒன்றுபோலவே இருந்தால் தீர்வு கிடைக்காது என்பதும் உங்களுக்குத் தெரியும். ஆகவே இரண்டு ஆன்டெனாக்களும் வெவ்வேறு கலவையைக் கேட்க வேண்டும். அலைகள் பல வழிகளில் தெறித்து வருவது இதற்கு உதவுகிறது. அதற்கு முன்பு வரை பொறியாளர்கள் இந்தத் தெறிப்பைத் தொல்லையாகவே பார்த்தார்கள்.

தெறிப்பைப் பயனாக மாற்றும் இந்த முறைக்கு மைமோ என்று பெயர். இதை முன்வைத்தவர் ஆரோக்கியசாமி பால்ராஜ். 1944-இல் பொள்ளாச்சியில் பிறந்தவர். இந்தியக் கடற்படை அதிகாரியாக, நீருக்கடியில் ஒலியால் நீர்மூழ்கிகளைக் கண்டறியும் சோனார் கருவிகளை உருவாக்கினார். சோனாரிலும் பல உணரிகள் வரிசையாக நின்று, கலந்து வரும் ஒலிகளைப் பிரித்தறிகின்றன. பின்னர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1992-இல் மைமோ கருத்தை உருவாக்கினார். தாமஸ் கைலத்துடன் சேர்ந்து பெற்ற காப்புரிமை 1994-இல் வழங்கப்பட்டது. 2009-இல் வந்த வைஃபை 4 தரத்தில் இது இடம்பெற்றது. 2014-இல் அவருக்கு மார்க்கோனி பரிசு கிடைத்தது. கடையில் ‘2×2’ என்று அட்டையில் எழுதியிருப்பதைப் பார்த்தால், இரண்டு ஆன்டெனாவுடன் இந்தக் கணக்கைப் போடும் அட்டை என்று புரிந்துகொள்ளுங்கள். ‘1×1’ அட்டை மலிவு, வேகம் பாதி.

ஆன்டெனாவை எங்கே வைப்பது?

நான் பார்த்தவரை, அட்டையை நன்றாகத் தேர்ந்தெடுத்தவர்களும் இங்கே கோட்டை விடுகிறார்கள். கணினிப் பெட்டி உலோகம். ஆன்டெனாக்கள் பெட்டியின் பின்புறம் திருகப்படுகின்றன. பெட்டி மேசைக்கு அடியில், சுவரை ஒட்டி இருக்கிறது. அலை ஒரு பக்கம் உலோகத்தாலும் மறுபக்கம் சுவராலும் மறிக்கப்படுகிறது. உலோகம் என்ன செய்யும் என்பதை அறிய ஒரு மைலோ டின் போதும். கைப்பேசியை டின்னுக்குள் வைத்து உலோக மூடியால் மூடிவிட்டு, இன்னொருவர் வைஃபை வழியாக அதற்கு அழைப்பு விடுக்கட்டும். ரவுட்டரிலிருந்து தள்ளி நின்று செய்தால் வேறுபாடு நன்றாகத் தெரியும்.

எனவே காந்த அடிப்பாகமும் ஒரு மீட்டர் அளவு கம்பியும் கொண்ட ஆன்டெனாவோடு வரும் அட்டையைத் தேடுங்கள். அதை மேசைக்கு மேல் கொண்டுவந்து வைக்கலாம். வேகமான அட்டையும் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்த ஆன்டெனாவும் ஒரு பக்கம், நடுத்தர அட்டையும் மேசை மேல் ஆன்டெனாவும் மறுபக்கம் என்றால், நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன்.

ஆன்டெனாவின் நுனியை ரவுட்டரை நோக்கி நீட்டுவதும் தவறு. குச்சி ஆன்டெனா அலையை நுனி வழியாக வீசுவதில்லை. உளுந்து வடையின் துளைக்குள் குச்சியைச் செருகியதுபோல் எண்ணிக்கொள்ளுங்கள். குச்சி ஆன்டெனா, வடை அலை பரவும் இடம். பக்கவாட்டில் நிறைய, நுனியில் ஒன்றுமில்லை. ஒரே தளத்தில் ரவுட்டர் இருந்தால் ஆன்டெனாக்களை நிமிர்த்தி வையுங்கள். ரவுட்டர் கீழ்த்தளத்தில் இருந்தால் ஒன்றைச் சாய்த்துப் பாருங்கள்.

யூஎஸ்பியில் செருகும் கட்டைவிரல் அளவுக் கருவிகளும் இருக்கின்றனவே என்று கேட்பீர்கள். பெட்டியைத் திறக்க முடியாதவர்களுக்கு அவை வழி. ஆனால் ஆன்டெனா மிகச் சிறியது. யூஎஸ்பி 3 இணைப்புகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலை உண்டாக்குகின்றன என்பதை 2012-இல் இன்டெல்லே ஓர் அறிக்கையில் விளக்கியிருக்கிறது. அப்படிப்பட்ட கருவி வாங்கினால், ஒரு நீட்டிப்புக் கம்பியையும் சேர்த்து வாங்கித் தள்ளி வையுங்கள்.

பொருத்தும் நாள்

டிரைவர் மென்பொருளைப் பென்டிரைவில் முன்கூட்டியே இறக்கி வையுங்கள். வைஃபை இல்லாத கணினியில் வைஃபைக்கான மென்பொருளை எப்படி இறக்குவது என்று மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. கைப்பேசியை யூஎஸ்பி கம்பியால் இணைத்து இணையத்தைப் பகிர்ந்தும் சமாளிக்கலாம்.

பல அட்டைகளில் புளூடூத்தும் இருக்கும். ஆனால் அது பிசிஐ எக்ஸ்பிரஸ் வாய் வழியாக வேலை செய்வதில்லை. அட்டையோடு வரும் சிறு கம்பியைத் தாய்ப்பலகையில் உள்ள ஒன்பது ஊசி யூஎஸ்பி முனையில் செருக வேண்டும். “புளூடூத் கெட்டுப்போன அட்டை” என்று திருப்பிக் கொடுக்கப்படும் பல அட்டைகளுக்கு இந்தக் கம்பி செருகப்படாததுதான் நோய். அந்த முனை காலியாக இருக்கிறதா என்று, பெட்டியைத் திறந்த முதல் நாளே பார்த்து வையுங்கள். இணையத்தில் வாங்குபவர்கள், பெட்டியில் ஆணையத்தின் சான்று முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். இந்நாட்டில் விற்கப்படும் ரேடியோ கருவிகளுக்குச் சிரிம் வழியாகப் பெறும் அந்தச் சான்று வேண்டும்.

அட்டையைத் தொடுமுன் கணினியின் உலோகச் சட்டத்தைத் தொடுங்கள். உடலில் சேர்ந்த நிலைமின்சாரம் இறங்கிவிடும். அட்டையை ஓரங்களில் பிடித்து, நேராக அழுத்தி, திருகை முடுக்குங்கள்.

பொருத்தியபின் முதல் சோதனையை ரவுட்டர் இருக்கும் அறையிலேயே செய்யுங்கள். விண்டோஸ் அமைப்பில் வைஃபை இணைப்பின் விவரங்களைத் திறந்தால் இணைப்பு வேகம் தெரியும். 2×2 வைஃபை 6 அட்டைக்கு 2402 என்று காட்டினால் 160 மெகாஹெர்ட்ஸ் பாதை. 1201 என்றால் 80 மெகாஹெர்ட்ஸ்; வீட்டுக்கு இதுவே தாராளம். 574 அல்லது 287 என்றால் 2.4 கிகாஹெர்ட்ஸில் போய் ஒட்டிக்கொண்டிருக்கலாம்; ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தனிப் பெயர் கொடுத்து அதோடு இணைத்துப் பாருங்கள். ரவுட்டருக்குப் பக்கத்திலேயே இருந்தும் 600-ஐத் தாண்டவே இல்லை என்றால், இரண்டு சமன்பாடுகளில் ஒன்று காணாமல் போயிருக்கிறது. ஓர் ஆன்டெனா சரியாகத் திருகப்படவில்லை, அல்லது அட்டைக்குள் செல்லும் மெல்லிய கம்பி கழன்றிருக்கிறது. பெட்டியை மறுபடி திறந்து பாருங்கள்; மின்கம்பியைப் பிடுங்கிவிட்டுத்தான்.